நோடு செயலிழந்து சென்சார் வலையமைப்பு அறுந்தால் மீட்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

செம்பனைத் தோட்டத்திலோ டுரியான் சரிவிலோ பரப்பி வைத்த வயர்லெஸ் சென்சார்களில் (ஒவ்வொன்றும் ஒரு நோடு) சில திடீரென்று பேசாமல் போனால், எதை முதலில் பார்ப்பது, எதை அப்புறம் பார்ப்பது என்பதுதான் இந்த வழிகாட்டி. பினாங்கின் பெருநிலப் பக்கம் நிபோங் தெபால் வட்டாரத் தோட்டங்களிலும், தீவில் பாலிக் புலாவ் சரிவுகளிலும் இந்த வேலையைச் செய்து, புதிதாக வரும் பயிற்சி மாணவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்த பிறகு எழுதுகிறேன்.

மனத்தில் வைத்திருக்கும் வலையமைப்பு இது: நாற்பது ஐம்பது நோடுகள், எல்லாம் பேட்டரியில் ஓடுபவை. 2.4 கிகாஹெர்ட்ஸில் 802.15.4 என்ற குறைந்த மின்சார ரேடியோ, அதன் மேல் எந்த நோடு எதன் வழியாகப் பேசுவது என்று முடிவு செய்யும் ஆர்பிஎல் (RPL) வழித்தட நெறிமுறை. 15 நிமிடத்துக்கு ஒருமுறை மண் ஈரமும் வாய்க்கால் நீர்மட்டமும் ஒரே கேட்வேக்கு, அதாவது எல்லா நோடுகளின் அளவீட்டையும் வாங்கும் மையக் கருவிக்கு, வந்து சேரும். ஆர்பிஎல் கட்டும் வழித்தட மரத்துக்கு வேர் அதுதான். உங்களுடையது ஜிக்பீ, த்ரெட் போன்ற வேறு வலையமைப்பு முறை என்றாலும் வேலையின் வரிசை மாறாது, திரையில் தெரியும் பெயர்கள்தான் மாறும்.

பெரும்பாலான தடுமாற்றம் ஒரே இடத்தில் தொடங்குகிறது. பேசாத நோடெல்லாம் கெட்டுப்போன நோடு என்று நினைத்து, பை நிறைய பேட்டரியை எடுத்துக்கொண்டு ஓடிவிடுகிறார்கள். பத்து நோடு மௌனமாக இருந்தால், ஒன்பது நல்ல நிலையில் இருந்து, வழியில் இருந்த ஒன்று மட்டும் போயிருக்கலாம். அந்த ஒன்றைக் கண்டுபிடிக்கும் வரை எந்தப் பெட்டியையும் திறக்க வேண்டாம்.

1. கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, வலையமைப்பு நன்றாக ஓடிய காலத்து வரைபடம். ஒவ்வொரு நோடும் எந்த நிரையில் இருக்கிறது, அதன் தாய் நோடு (அதன் செய்தியை வாங்கி கேட்வே பக்கம் கடத்தும் நோடு) எது, வேறு எந்த நோடுகள் அதன் காதில் விழுகின்றன, எவ்வளவு பலத்துடன் விழுகின்றன என்ற பட்டியல் வேண்டும். இது இல்லாவிட்டால் இன்றைய நிலையை எதோடு ஒப்பிடுவது? மைனஸ் 88 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு; மைனஸ் எண் கூடக்கூடப் பலவீனம்) சிக்னல் அந்த இடத்துக்கு எப்போதும் உள்ளதா, நேற்றைய மழைக்குப் பிறகு விழுந்ததா என்று பழைய எண் இல்லாமல் சொல்ல முடியாது. வரைபடம் இல்லாதவர்கள் இன்றைக்கே கேட்வேயிலிருந்து அண்டைப் பட்டியலை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்; பாதி அறுந்த வலையமைப்பின் பட்டியல்கூட ஒன்றும் இல்லாததற்கு மேல்.

இரண்டாவது, மாற்று நோடுகள். அதே ஃபர்ம்வேர் (நோடுக்குள் ஓடும் மென்பொருள்), அதே சேனல், அதே பான் ஐடி (வலையமைப்பின் அடையாள எண்), அதே குறியாக்கச் சாவி ஏற்றி, அலுவலகத்தில் கேட்வே பக்கத்தில் வைத்து இணைத்துப் பார்த்தவையாக இருக்க வேண்டும். மேசையில் சேராத நோடு தோட்டத்திலும் சேராது.

மற்றவை: காற்றில் போகும் செய்திகளை ஒட்டுக்கேட்கும் 802.15.4 ஸ்னிஃபர் டாங்கிளும் லேப்டாப்பும், மல்டிமீட்டர், 180 ஓம் மின்தடை ஒன்று, மாற்று ஆன்டெனா, சிலிகா ஜெல் பொட்டலம், கேபிள் நுழையும் இடத்துக்கான ரப்பர் வளையம், பிளாஸ்டிக் கட்டு. மின்தடை எதற்கு என்று ஐந்தாம் படியில் வரும்.

போகும் நேரத்தையும் யோசியுங்கள். இங்கே இடி பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகுதான் கட்டும், அதனால் காலையிலேயே போய்விடுவது நல்லது. இடி கேட்டால் கம்பத்தை விட்டு விலகுங்கள். டுரியான் விழும் பருவத்தில் தலைக்கவசம் இல்லாமல் மரத்தடியில் நிற்கவே கூடாது.

2. எதையும் தொடாமல் பதிவை எடுத்து வையுங்கள்

கேட்வேயை ரீஸ்டார்ட் செய்து பார்ப்போமே என்று கை தானாகப் போகும். போக விடாதீர்கள்.

காரணம் இரண்டு. கேட்வேயின் நினைவகத்தில் இருக்கும் வழித்தட அட்டவணை, அண்டைப் பட்டியல், பிழை எண்ணிக்கை எல்லாம் அந்த ரீஸ்டார்ட்டோடு அழிந்துவிடும். எது எதன் வழியாகப் பேசிக்கொண்டிருந்தது என்பதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அதுதான். அடுத்து, வேர் புதிதாக எழுந்தால் மீதி நோடுகள் எல்லாம் மரத்தை மறுபடி கட்டத் தொடங்கும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த பாதியும் கலைந்து, எல்லா பேட்டரியும் கட்டுப்பாட்டுச் செய்திகளுக்காகச் செலவாகும்.

எடுத்து வைக்க வேண்டியவை: ஒவ்வொரு நோடும் கடைசியாகப் பேசிய நேரம், கடைசித் தாய் நோடு, ரேங்க் (வேரிலிருந்து எவ்வளவு தள்ளி என்று காட்டும் எண்), கடைசியாகச் சொன்ன பேட்டரி வோல்ட்டேஜ், பாக்கெட் (ஒரு தடவை அனுப்பும் செய்தி) வரிசை எண்களில் விழுந்த ஓட்டைகள், ரீபூட் எண்ணிக்கை. உங்கள் ஃபர்ம்வேர் ரீபூட் எண்ணிக்கையை அனுப்பவில்லை என்றால் அடுத்த பதிப்பில் சேர்த்துவிடுங்கள். ஒரு பைட் போதும், பல நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

3. மௌனத்தை வகை பிரியுங்கள்

இந்த வழிகாட்டியில் நேரம் எடுத்துச் செய்ய வேண்டிய படி இதுதான். நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் வேலை என்பதாலோ என்னவோ, இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள்.

பேசாத நோடு மூன்றில் ஒரு வகையாக இருக்கும். உண்மையிலேயே செயலிழந்தது ஒன்று. உயிரோடு இருந்தும் கேட்வேக்கு வழி இல்லாமல் தனித்துப்போனது ஒன்று. பேசிக்கொண்டே இருந்தும் பாதிப் பாக்கெட் வழியில் தொலைவது ஒன்று. மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

கடைசியாகப் பேசிய நேரத்தை வைத்துப் பட்டியலை வரிசைப்படுத்துங்கள். ஒரு கூட்டமே ஒரே 15 நிமிட இடைவெளிக்குள் நின்றிருந்தால் காரணம் ஒன்று, அது மேல்நிலையில் இருக்கிறது. சில நாள் இடைவெளியில் ஒன்று ஒன்றாக நின்றிருந்தால் பேட்டரி. மழைக்குப் பின் நின்று, வெயில் ஏறியதும் திரும்ப வந்தால் ஈர இலையோ பெட்டிக்குள் ஈரமோ.

பிறகு கடைசித் தாய் நோடுகளை வைத்து ஒரு மரம் வரையுங்கள். காகிதத்திலேயே வரையலாம். உதாரணமாக 9, 14, 17, 18, 19, 22 ஆகிய ஆறும் ஒரே கால் மணிக்குள் நின்றுவிட்டன என்று வையுங்கள். 18, 19 இரண்டும் 14 வழியாக, 22 ஆனது 17 வழியாக, 14, 17 இரண்டும் 9 வழியாகப் பேசியவை. ஆறு கோடும் 9-இல் வந்து கூடுகின்றன. 11-உம் 9-இன் சேய்தான், ஆனால் அது பேசிக்கொண்டிருக்கிறது; இப்போது அதன் தாய் 8. அதாவது 11-க்கு இன்னொரு வழி இருந்தது, 14-க்கும் 17-க்கும் இல்லை. சந்தேகம் 9 மேல். மாற்ற வேண்டியது அநேகமாக ஒரு நோடு, சென்று பார்க்க வேண்டியது ஒரு கம்பம்.

இந்த 9-ஐப் போல, தான் போனால் வலையமைப்பையே இரண்டாக வெட்டிவிடும் நோடை வெட்டுக் கணு என்பார்கள். அது மரத்தின் உள்பக்கம் எங்கும் இருக்கலாம், ஆனால் கேட்வேக்கு அருகே இருப்பதுதான் அடிக்கடி சாகும். பின்னால் இருக்கும் அத்தனை பேரின் பாக்கெட்டையும் அதுதான் சுமக்கிறது. அதன் ரேடியோ அதிக நேரம் விழித்திருக்கிறது, பேட்டரி முதலில் தீர்கிறது.

இன்னொரு வகையும் உண்டு. அளவீடு ஒழுங்காக வரும், ஆனால் நீங்கள் அனுப்பும் கட்டளைக்குப் பதில் வராது. மேல்வழி நன்றாக இருந்து கீழ்வழி மட்டும் அறுந்த நிலை அது. ஆர்பிஎல்லில் இரண்டும் தனித்தனியாகக் கட்டப்படுபவை. வழித்தடத்தைச் சேமிக்கும் முறையில் ஓடினால் நடுவில் உள்ள ஏதோ ஒரு நோடில் பழைய அட்டவணை தங்கியிருக்கும். சேமிக்காத முறையில் என்றால் எல்லாம் வேரில்தான், அங்கே பாருங்கள். இதற்குப் பேட்டரி மாற்றிப் பயன் இல்லை.

4. தானாக மீள நேரம் கொடுங்கள், கணக்குப் பார்த்துக் கொடுங்கள்

ஆர்பிஎல் தன்னைத்தானே ஓரளவு சரிசெய்துகொள்ளும். தாய் போய்விட்டால் அடுத்த நல்ல அண்டையைத் தாயாக எடுக்கும். ஒருவருமே இல்லை என்றால் தன் ரேங்க்கை 65535 என்று அறிவிக்கும். என் வழியாக வராதீர்கள் என்று சேய்களுக்குச் சொல்வது அது. பிறகு அக்கம்பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டு டிஐஎஸ் செய்தி அனுப்பும்.

எவ்வளவு நேரம் காத்திருப்பது? தாய் போனது சேய்க்கு உடனே தெரியாது. பாக்கெட் அனுப்பி, ஒப்புகை வராமல், அது சில முறை நடந்த பிறகே அந்த இணைப்பின் மதிப்பு சரியும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை பேசும் நோடு மூன்று நான்கு சுற்றில்தான் உணரும், ஆக ஒரு மணி நேரமாவது விடுங்கள். அமைதியான வலையமைப்பில் அறிவிப்புச் செய்திகளின் இடைவெளியும் நீண்டிருக்கும். ஆர்பிஎல்லை வரையறுக்கும் ஆவணமான ஆர்எஃப்சி 6550-இன் இயல்பு மதிப்புகளில் அந்த இடைவெளி 8 மில்லி விநாடியில் தொடங்கி, இரட்டித்து இரட்டித்து 2 மணி 20 நிமிடம் வரை போகும். பல ஃபர்ம்வேர்கள் இதைக் குறைத்தே வைத்திருக்கும். உங்களுடையதில் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வேரிலிருந்து பதிப்பு எண்ணை ஏற்றி மரம் முழுவதையும் புதிதாகக் கட்டச் சொல்லும் வசதியும் இருக்கிறது. வழித்தடம் வளையமாகச் சுற்றிக்கொண்டு பாக்கெட்டுகள் அலைந்தால் அது உதவும். மற்றபடி அதை முதல் மருந்தாக எடுக்காதீர்கள். இல்லாத ரேடியோ இணைப்பை எந்தக் கட்டளையாலும் உண்டாக்க முடியாது. 14-இன் காதில் 9-ஐத் தவிர யாரும் விழவில்லை என்றால், மரத்தை எத்தனை முறை கட்டினாலும் 14 வெளியேதான் நிற்கும்.

இந்த நேரத்தில் இன்னொன்றையும் செய்யக் கூடாது: சேனல் மாற்றம். வைஃபை இடைஞ்சல் என்று நினைத்து, வலையமைப்பு அறுந்து கிடக்கும்போது சேனலை மாற்றிவிடுகிறார்கள். இணைப்பில் இருக்கும் நோடுகள் புதிய சேனலுக்குப் போய்விடும். தனித்துப்போனவை அந்தச் செய்தியைக் கேட்கவே கேட்காது. பழைய சேனலில் யாருமில்லாத காற்றோடு பேசிக்கொண்டிருக்கும். பிறகு ஒவ்வொன்றையும் நடந்து போய்த்தான் மீட்க வேண்டும். சேனல் மாற்ற வேண்டுமானால் எல்லோரும் வந்து சேர்ந்த பிறகு மாற்றுங்கள். வைஃபை 1, 6, 11-இல் ஓடினால் 802.15.4-இல் 15, 20, 25, 26 ஆகியவை இடைவெளியில் விழும்.

5. இடத்துக்குப் போனதும் முதலில் கேளுங்கள், பிறகு பாருங்கள், கடைசியில் தொடுங்கள்

கேட்பதில் முதலாவது, ஆளைக் கேட்பது. அந்தப் பக்கம் தினம் நடப்பவர், வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர். “அந்த நிரையில போன வாரம் ஓலை கழிச்சோம் தம்பி. கழிச்ச ஓலைய உங்க பெட்டிப் பக்கம்தான் அடுக்கியிருக்காங்க” என்று அவர் சொல்லும் ஒரு வரி, லேப்டாப்பில் அரை நாள் தேடுவதற்குச் சமம். மரம் சாய்ந்ததா, வாய்க்கால் தோண்ட இயந்திரம் வந்ததா, கம்பத்தில் லோரி இடித்ததா என்று கேட்டுவிட்டு நடங்கள்.

இரண்டாவது, ஸ்னிஃபரை வைத்துக் கேட்பது. பெட்டியைத் திறக்காமல், சில மீட்டர் தள்ளி, ஓர் அறிக்கை இடைவெளிக்கு மேல் காத்திருங்கள். நோடு பாக்கெட் அனுப்பி ஒப்புகை வராமல் மறுபடி மறுபடி அனுப்பினால் அது உயிரோடு இருக்கிறது, தாய்தான் இல்லை. டிஐஎஸ் மட்டும் வந்தால் அது அனாதை. 20 நிமிடத்திலும் ஒன்றுமே வரவில்லை என்றால்தான் அது செத்தது என்று எடுத்துக்கொள்ளலாம். சேனல் தாவும் முறையில் ஓடும் வலையமைப்பானால் ஒரே சேனலில் காது வைத்திருக்கும் ஸ்னிஃபருக்குச் சிறு பங்குதான் கேட்கும்; இன்னும் நீண்ட நேரம் இருங்கள்.

இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. பெட்டியைத் திறந்து பேட்டரியை அசைத்தவுடன் நோடு ரீபூட் ஆகி, சில நேரம் எல்லாம் சரியானதுபோல் இணைந்துவிடும். ஏன் நின்றது என்பதை அப்புறம் யாராலும் சொல்ல முடியாது. சில நாளில் திரும்ப நிற்கும்.

கண்ணால் பார்க்க வேண்டியவை பல. ஆன்டெனா செங்குத்தாக நிற்கிறதா, இணைப்பு இறுகியிருக்கிறதா? எலி கேபிளைக் கடித்திருக்கிறதா? செம்பனைத் தோட்டத்தில் எலிக்குப் பஞ்சமில்லை, சென்சார் கேபிளைக் குழாய்க்குள் விடாதவர்கள் இதைச் சீக்கிரமே கற்றுக்கொள்வார்கள். பெட்டிக்குள் எறும்புக் கூடு இருக்கிறதா? கேபிள் மேலிருந்து நேராகப் பெட்டிக்குள் இறங்கினால் மழை நீர் அதைப் பிடித்துக்கொண்டே உள்ளே போகும். கேபிள் பெட்டிக்குக் கீழே தொங்கி வளைந்து மேலேறி நுழைய வேண்டும். வெயிலில் சூடான பெட்டி மழையில் சட்டென்று குளிரும்போது உள்காற்று சுருங்கி, இறுகாத வளையத்தின் வழியே ஈரக் காற்றை உறிஞ்சும். அதனால்தான் மழை நேரடியாகப் படாத பெட்டிக்குள்ளும் முத்து முத்தாக நீர் நிற்கிறது.

ஓலையை அண்ணாந்து பாருங்கள். முதிர்ந்த செம்பனை ஆண்டுக்கு 20 முதல் 25 ஓலை விடும். வைத்த நாளில் திறந்திருந்த வழி இன்று பச்சைச் சுவராக இருக்கலாம். இரண்டு ஆன்டெனாவும் ஒன்றையொன்று பார்த்தால் போதும் என்று நினைக்கக் கூடாது. 2.4 கிகாஹெர்ட்ஸில் 100 மீட்டர் இணைப்புக்கு, நடுவில் ஃபிரெனல் மண்டலத்தின் (இரண்டு ஆன்டெனாவுக்கும் இடையே ரேடியோ அலை பரவிச் செல்லும் முட்டை வடிவ இடம்) ஆரம் சுமார் 1.8 மீட்டர். அதில் 60 சதவீதம், அதாவது ஒரு மீட்டருக்குச் சற்று மேல், எல்லாப் பக்கமும் தடையின்றி இருக்க வேண்டும். தரையும் தடைதான். முழங்கால் உயரத்தில் கட்டிய பெட்டி 100 மீட்டர் எட்டாததற்குக் காரணம் அதுவே. நனைந்த இலை காய்ந்த இலையைவிட அதிகம் விழுங்கும்.

இனி பேட்டரி. 3.6 வோல்ட் லித்தியம் தயோனில் குளோரைடு செல்லை மல்டிமீட்டரில் வெறுமனே அளந்தால் ஏமாறுவீர்கள். அது தீரும் தறுவாய் வரை ஏறக்குறைய ஒரே வோல்ட்டேஜையே காட்டும். நீண்ட நாள் சொற்ப மின்னோட்டத்திலேயே இருந்தால் உள்ளே ஒரு படலம் படியும். ரேடியோ இழுக்கும் நேரத்தில் வோல்ட்டேஜ் சரிந்து நோடு விழுந்து எழும். ரீபூட் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனதற்கு இதுதான் வழக்கமான விளக்கம். எனவே 180 ஓம் மின்தடையைச் செல்லின் குறுக்கே வைத்து, அது 20 மில்லி ஆம்பியர் இழுக்கும்போது சில விநாடி அளந்து பாருங்கள். ரேடியோ கேட்கும் அளவும் ஏறத்தாழ அதுவே. அப்போதும் வோல்ட்டேஜ் நின்றால் செல் நல்லது. சரிந்து போய்ச் சரிந்தபடியே இருந்தால் மாற்றுங்கள்.

6. சரிசெய்வது கேட்வே பக்கமிருந்து வெளிப்பக்கம்

பல நோடுகள் போயிருந்தால் கேட்வேக்கு மிக அருகில் உள்ளதை முதலில் எடுங்கள். வெளியோரத்து நோடை முதலில் மாற்றினால் அது இணைந்ததா என்று சரிபார்க்கவே வழி இருக்காது. நடுவில்தான் பாலம் இல்லையே. உள்ளே இருப்பதைச் சரிசெய்தால் வெளியே பல தாமாகவே திரும்பி வரும், நடை மிச்சம்.

ஒவ்வொன்றையும் சரிசெய்த பிறகு நின்று பாருங்கள். ஒரே மூச்சில் மூன்று பெட்டியை மாற்றி, ஆன்டெனாவையும் உயர்த்தி, செட்டிங்கையும் தொட்டுவிட்டால், எது வேலை செய்தது என்று தெரியாது.

7. மாற்று நோடை வைப்பது

பழைய நோடின் முகவரியை அப்படியே புதியதற்குக் கொடுத்துவிடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. டேட்டாபேஸில் ஒன்றும் மாற்ற வேண்டாம் என்ற வசதிதான் காரணம். குறியாக்கம் ஓடும் வலையமைப்பில் அது சிக்கலைக் கொண்டுவரும். ஒவ்வொரு நோடும் தான் அனுப்பும் ஃபிரேமுக்கு ஏறுமுகமாக ஒரு எண் போடும். பழைய பாக்கெட்டை யாரும் திருப்பி அனுப்பி ஏமாற்றாமல் இருக்க, அண்டை நோடுகள் கடைசியாகக் கேட்ட எண்ணை நினைவில் வைத்திருக்கும். புதிய நோடு அதே முகவரியில் பூஜ்யத்திலிருந்து தொடங்கினால், அண்டைகள் அதைப் பழைய பாக்கெட் என்று எறிந்துவிடும். ஸ்னிஃபரில் பாக்கெட் அழகாகத் தெரியும், சிக்னல் பலமாக இருக்கும், ஆனால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். புதியவர்கள் அதிக நேரம் தொலைப்பது இங்கேதான். புதிய நோடுக்குப் புதிய முகவரி கொடுங்கள். டேட்டாபேஸில் இடத்தின் பெயரைத் தனியாகவும் கருவியின் எண்ணைத் தனியாகவும் வைத்தால் இந்தச் சங்கடமே வராது.

முதலில் தாய் நோடுக்கு அருகே வைத்து இயக்கி, இணைந்ததைப் பார்த்துவிட்டு, அதன் இடத்துக்குக் கொண்டு போங்கள். பழைய உயரத்திலேயே, ஆன்டெனா செங்குத்தாக இருக்கும்படி கட்டுங்கள். ஒன்று நின்று ஒன்று படுத்திருந்தால் சிக்னல் வெகுவாகக் குறையும்.

அளப்பது பெட்டியை மூடிய பிறகு, நீங்களும் நகர்ந்த பிறகு. கையில் பிடித்துக்கொண்டு எண்ணைப் பார்க்கக் கூடாது. உடம்பில் உள்ள நீர் 2.4 கிகாஹெர்ட்ஸை நன்றாக விழுங்கும். நூறு பாக்கெட் அனுப்பி எத்தனை போய்ச் சேர்ந்தது என்று எண்ணுங்கள், இரண்டு திசையிலும். இங்கிருந்து அங்கே கேட்கிறது என்பதால் அங்கிருந்து இங்கே கேட்கும் என்று ஆகாது, ஒப்புகை வர வேண்டியது அந்த எதிர்த்திசையில்தான். மைனஸ் 85 டிபிஎம்மைவிட மோசமான இணைப்பை வெயில் நாளில் ஏற்றுக்கொள்ளாதீர்கள். 10, 15 டெசிபெல் கையிருப்பு இல்லாத இணைப்பை முதல் பெருமழை கொண்டுபோய்விடும்.

8. இடைவெளி பெரிதாக இருந்தால்

ஒரு நோடு அல்ல, ஒரு பகுதியே போய்விட்டது என்றால், மரம் சாய்ந்தோ வெள்ளம் ஏறியோ வலையமைப்பு தீவு தீவாகப் பிரிந்திருக்கும். பழைய இடத்திலேயே எல்லாவற்றையும் திரும்ப நட முடியாமல் போகலாம். அப்போது ரிலே, அதாவது பாக்கெட்டை வாங்கி அடுத்ததற்குக் கடத்தும் நோடு, வைக்க வேண்டும்.

இரண்டு தீவுகளுக்கு நடுவே மிகக் குறுகிய இடைவெளியைத் தேடுங்கள். அந்தத் தூரத்தை ஒரு தாவலின் நம்பகமான எட்டும் தூரத்தால் வகுத்து, மேல்முழு எண்ணாக்கி, ஒன்றைக் கழித்தால் ரிலேக்களின் எண்ணிக்கை வரும். 230 மீட்டர் இடைவெளி, 60 மீட்டர் எட்டும் என்றால் 3.8, அதை 4 ஆக்கி ஒன்றைக் கழிக்க, 3 ரிலே. 57 மீட்டர் சொச்சத்துக்கு ஒன்றாக வரும். அந்த 60 என்ற எண்ணை டேட்டாஷீட்டிலிருந்து எடுக்காதீர்கள், அந்தத் தோட்டத்தில், இலை நனைந்திருக்கும்போது அளந்ததாக இருக்கட்டும்.

மூன்று தீவுகள் என்றால் கொஞ்சம் யோசிக்கலாம். ஒன்றுக்கொன்று 100 மீட்டர் தள்ளி முக்கோணமாக நிற்கும் மூன்று தீவுகளை, முக்கோணத்தின் இரண்டு பக்கங்கள் வழியாக இணைத்தால், பக்கத்துக்கு ஒன்றாக 2 ரிலே வேண்டும். நடு மையத்திலிருந்து மூன்றுக்கும் 57.7 மீட்டர்தான், அங்கே ஒன்று வைத்தால் ஒன்றே போதும் என்று கணக்கு சொல்லும். நான் அப்படி வைக்க மாட்டேன். அந்த ஒரு ரிலே போனால் மூன்று தீவும் ஒரே நேரத்தில் பிரிந்துவிடும். மூன்று பக்கத்திலும் ஒவ்வொன்று, ஆக 3 ரிலே வைத்தால் எந்த ஒன்று போனாலும் மற்ற வழி இருக்கும். தீவுகள் கூடக்கூட, மிகக் குறைந்த ரிலே எங்கே என்ற கேள்வி கணினிக்கே கடினமானது. தோட்டத்து வேலைக்குக் குறுகிய இடைவெளிகளிலிருந்து ஒன்று ஒன்றாக இணைத்துக்கொண்டு போவது போதும்.

ஆய்வுக் கட்டுரைகளில் வேறொரு வழி அடிக்கடி வரும்: செயலிழந்த நோடை நோக்கி அதன் அண்டைகள் நகர்ந்து வந்து இடைவெளியை மூடிக்கொள்வது. அங்கே நோடுகள் சக்கரத்தில் நகர்பவை. இங்கே நகர்த்துபவர் நீங்கள். கையில் மாற்று நோடு இல்லாத நாளில் இது நல்ல உபாயம். ஆனால் ஒன்றை உள்ளே இழுத்தால் அதன் பின்னால் இருந்த சேய் எட்டாமல் போகலாம், அதையும் இழுக்க வேண்டும், அதற்குப் பின்னால் உள்ளதையும். நகர்த்தும் முன் அந்த நோடின் சேய்ப் பட்டியலைப் பாருங்கள். சேய் இல்லாத நோடை நகர்த்துவதே உத்தமம். சென்சார் அளக்கும் இடமும் மாறிவிடுகிறது என்பதை மறக்காமல் பதிவில் குறியுங்கள்.

பம்ப் அறை, எடை மேடை போன்று மின்சாரம் உள்ள இடம் அருகில் இருந்தால் ரிலேயை அங்கே வையுங்கள். பேட்டரிக் கவலை இல்லாத ஒரு ரிலே, பேட்டரியில் ஓடும் மூன்றுக்குச் சமம்.

9. மீண்டதா என்று சரிபார்ப்பது

பாக்கெட் வர ஆரம்பித்ததும் பையைக் கட்டிவிடாதீர்கள். நோடுகள் ஃபிளாஷில் சேமித்து வைத்த பழைய அளவீடுகளை மொத்தமாகக் கொட்டும். அந்த நெரிசலில் முதல் ஒரு மணி நேரத்து எண்களை நம்ப முடியாது. ஃபர்ம்வேர் அனுமதித்தால் பழையதை இடைவெளி விட்டு அனுப்பச் சொல்லுங்கள்.

முழுதாக ஒரு பகல், ஓர் இரவு, முடிந்தால் ஒரு மழை கடக்கட்டும். அதன் பிறகு வரிசை எண்ணில் ஓட்டை எத்தனை, தாய் நோடு எத்தனை முறை மாறியது, கட்டளைக்குப் பதில் வருகிறதா என்று மூன்றையும் பாருங்கள். தாய் அடிக்கடி மாறிக்கொண்டே இருந்தால் இரண்டு பலவீனமான இணைப்புகளுக்கு நடுவே அது ஊசலாடுகிறது. அந்த நோடு இன்னும் குணமாகவில்லை.

அதன் பிறகு துணிந்து ஒரு சோதனை. புதிதாக வைத்த நோடை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் பாருங்கள். அதோடு சேர்ந்து யார் யார் மறைகிறார்களோ அவர்களுக்கு இன்னும் ஒரே வழிதான் இருக்கிறது. கேட்வேக்கு அடுத்து நிற்கும் ஒவ்வொரு நோடுக்கும் இதைச் செய்யுங்கள். தோட்டத்துக்குப் போக முடியாவிட்டால் அண்டைப் பட்டியலை வைத்துச் சிறு ஸ்கிரிப்டில் பார்க்கலாம்: ஒவ்வொரு நோடாக நீக்கி, மீதி எல்லாம் கேட்வேயை எட்டுகிறதா என்று கேட்பதுதான். ஐம்பது நோடுக்கு ஒரு விநாடிகூட ஆகாது. ஆனால் பட்டியலில் மைனஸ் 85-க்குக் கீழே உள்ள இணைப்புகளை நீக்கிவிட்டு ஓட்டுங்கள், இல்லையென்றால் வெயில் நாளில் மட்டும் இருக்கும் வழிகளையும் அது வழி என்று எண்ணிவிடும்.

10. பதிவும் அடுத்த செலவும்

வெட்டுக் கணு என்று தெரிந்த ஒவ்வொரு இடத்துக்கும் பக்கத்தில் இன்னொரு நோடு வாங்கப் பட்டியல் போடுங்கள். உள்வட்ட நோடுகளின் பேட்டரியை, வெளிவட்டம் இன்னும் நன்றாக ஓடும்போதே, மழைக்காலத்துக்கு முன் மாற்றிவிடுங்கள். இங்கே செப்டம்பர், அக்டோபரில் மழை பலப்படும், அதற்குள் முடிய வேண்டும். எதிர் ஓரத்தில் இரண்டாவது கேட்வே வைக்க முதலாளி சம்மதித்தால், ஒரே ஓரத்து நோடுகள் எல்லோரையும் சுமக்கும் நிலை பாதியாகக் குறையும். வேறு எந்தச் செலவுக்கும் முன்னால் நான் கேட்பது அதைத்தான்.

மாற்றிய நோடின் முகவரி, தேதி, 180 ஓமில் அளந்த வோல்ட்டேஜ், இரு திசையிலும் நூற்றுக்கு எத்தனை பாக்கெட், நின்றதற்கான காரணம் ஆகிய ஐந்தையும் வரைபடத்தில் ஏற்றி, புதிய அண்டைப் பட்டியலை இறக்கி, பழையதை அழிக்காமல் அதன் பக்கத்திலேயே சேமியுங்கள்.